ஞாயிறு பஸ்ஸில் வந்த ரீச்சர்

நெத்தலியை வலையில் பரப்பிவிட்டு ஜெயரூபினி காகம் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆன்சலா பள்ளிக்கூடத்தால் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. புத்தகப் பையோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, இந்த முறையும் பெயில்" என்றாள்.

வயலின் பரீட்சையைத்தான் சொன்னாள். போன வருடமும் இதே தரத்தில்தான் தவறினாள். அழப்போகிறாள் என்று ஜெயரூபினி நினைத்தாள். பிள்ளை அழவில்லை. காய்ந்துகொண்டிருந்த நெத்தலியில் ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"கீதம் எல்லாம் சரியாம். சுருதியும் நல்லாம். வர்ணம் இரண்டாங்காலத்துக்குப் போகேக்கை தான் கை வரேல்லையாம். வில்லுப் பிடிக்கிற கை இறுகிப்போய்க் கிடக்காம். அடியிலயிருந்து மாத்தோணுமாம்."

"ஆர் சொன்னது?"

"சோதினை எடுத்த அம்மா. போன முறையும் அவா இதைத்தான் சொன்னவா. நான் விமலா ரீச்சரிட்டச் சொன்னனான். இன்னும் சாதகம் செய், வரும் எண்டவா. செய்தனான் தானே அம்மா?"

செய்தாள்தான். அதற்கு ஊரே சாட்சி. தகப்பன் கடலுக்கு இறங்கின கையோடு எழும்பி, முகம் கழுவி, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். முதற்காலம் நூல் பிடித்தமாதிரிப் போகும். வேகம் இரட்டிக்கும் இடம் வந்ததும் தோள் தூக்கும், முழங்கை விறைக்கும், வில் கம்பியில் கிறீச்சிடும். தினமும் அதே இடம். பக்கத்து வீட்டுப் புனிதமக்கா, "அந்த இடம் வரப்போகுது" என்று வேலிக்கு அங்கால் நின்று காதைப் பொத்துவாள்.

ஆன்சலா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ரீச்சருக்கு அதுக்கு மேல தெரியாதம்மா."

"வாயைப் பொத்து" என்று ஜெயரூபினி அதட்டினாள். அதட்டினாளே தவிர, அந்தச் சொல்லைத் தானும் கனகாலமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள்தான்.

விமலேஸ்வரி வேறு யாரோ ஒரு ரீச்சராக இருந்திருந்தால் காரியம் இலேசாகப் போயிருக்கும். யுத்தம் முடிந்த கையோடு சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். ஆன்சலா பிறந்ததே அந்த முகாமில்தான். புருசன் கொலின்ஸை அப்போது வேறிடத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளையைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலோடு கிடந்தவளுக்கு வாளியில் தண்ணீர் தூக்கியதும், பச்சைக் குழந்தையை மடியில் போட்டு ஆட்டியதும் விமலேஸ்வரிதான். அவளுக்குச் சங்கீதம் அரையும் குறையுமாகக் கிடைத்தது. இடம்பெயர்ந்து போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்துப் படித்தாள். ஒரு ரீச்சர் கீதம் சொல்லிக் கொடுத்தார், இன்னொருவர் வர்ணத்தைத் தொடக்கிவிட்டார், பிறகு அவரும் எங்கேயோ போய்விட்டார். அதோடு நின்றதுதான். மீள்குடியேறிய பிறகு புதுக்குடியிருப்பில் வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் இறக்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தாள். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தாள். நிரந்தர நியமனம் வரும் வருமென்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டு வயதில் ஆன்சலாவைக் கொண்டுபோய் விட்டபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து முன்வரிசையில் இருத்தினாள், அவ்வளவுதான்.

பின்னேரம் கொலின்ஸ் வீட்டுக் கொட்டிலுக்குள் இருந்து வலையின் கிழிசல் பொத்தும்போது ஜெயரூபினி விசயத்தைச் சொன்னாள். அவன் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான்.

"மாத்து."

"மாத்து எண்டால்?"

"டவுணிலை ஒரு பெடியன் படிப்பிக்கிறான். ஜனார்த்தனன் எண்டு. யாழ்ப்பாணத்திலை சங்கீதத்துக்கே படிச்சுப் பட்டம் எடுத்தவனாம். கிறகோரியண்ணையின்ர பேத்தியும் அங்கை தான் போகுது. நடந்து போற தூரம்."

"விமலாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு."

"உங்களுக்கென்ன, லேசாச் சொல்லிப்போடுவியள்."

கொலின்ஸ் வலையை மடியில் விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நான் சம்மாட்டியாரிட்ட எவ்வளவு காலம் தொழில் செய்தனான்? சொந்தப் படகு எடுக்கேக்கை அவற்ர வீட்டு வாசலிலை போய் நிண்டு, அண்ணை, நான் விலகிறன் எண்டனான். மனுசன் கிழமைக் கணக்காத் திட்டித் தீர்த்திச்சுது. பேந்து பார், பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர படகை ஆசீர்வதிப்பிச்சதும் அந்த மனுசன் தான். பேச்சை வாங்கினால் முடிஞ்சுது. வாங்காமல் விட்டால் தான் கிடந்து அரிக்கும்."

"அது தொழில். இது வேற."

"என்ன வேற?" என்று கேட்டான். அவள் எழும்பிப் போய் நெத்தலியைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை, கொலின்ஸ் கொண்டுவந்த கணவாயில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கழுவி, பையில் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்பு பஸ் ஏறினாள். சோளகக் காற்று உச்சத்தில் நின்றது. வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊரும்போது யன்னலால் அனல்காற்றும் மண்ணும் அடித்தன. 'விமலா, நீ செய்ததை மறக்கமாட்டன், ஆனால்…' என்று மனத்துக்குள் தொடங்குவாள். அந்த 'ஆனால்' வந்ததும் நாக்கு நின்றுவிடும். 'பிள்ளை ஆசைப்படுறாள்' என்று பிள்ளையின் தலையில் போடலாமா? 'கொலின்ஸ் நிண்டபிடியிலை நிக்கிறார்' என்று புருசனின் தலையில் போடலாமா? இறங்கும்வரைக்கும் ஒரு வசனமும் உருப்படவில்லை.

கொட்டிலில் சின்னஞ்சிறுசுகள் உட்கார்ந்து சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். விமலேஸ்வரி குசினி வாசலில் திருவுபலகையில் இருந்து தேங்காய் திருவியபடியே, "மத்திமம் இறங்குது, மத்திமம் இறங்குது" என்று சத்தம் வைத்தாள். எந்தப் பிள்ளை என்று திரும்பிப் பார்க்கவேயில்லை. அந்தக் காது அப்படி.

"வாடி ரூபி! என்ன சொல்லாமல் கொள்ளாமல்?" கணவாய்ப் பையை வாங்கி எட்டிப் பார்த்தாள். "உனக்கு விசர். இவ்வளவையும் நான் தனிய என்ன செய்யிறது? இரு, சமைக்கிறன், திண்டிட்டுப் போ."

"இல்லை விமலா, பஸ்ஸுக்குப் போகோணும்."

"சோதினையை நினைச்சுக் கவலைப்படாதை. எனக்கும் கேள்விப்பட்ட அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. அடுத்த முறை எடுத்துப்போடுவாள், பார்."

சோறு இறங்கவில்லை என்று சொன்னவளுக்கு முன்னால் உள்ளதைச் சொல்ல ஜெயரூபினியால் முடியவில்லை. கையில் வந்ததை எடுத்துப் போட்டாள்.

"அதில்லை விமலா. பஸ் தான் கரைச்சல். சனிக்கிழமையிலை ஒழுங்கா ஓடுறானில்லை. பிள்ளை வெயிலுக்கை நிண்டு களைச்சுப்போறாள். ஓ எல் சோதினையும் வருகுது. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்பமோ எண்டு…"

விமலேஸ்வரி திருவுபலகையில் இருந்தபடியே அவளைப் பார்த்தாள். ஜெயரூபினி கொட்டில் பக்கம் பார்த்தாள்.

"இதைச் சொல்லவே இந்த வெயிலுக்கை வந்தனீ? நான் வாறன்."

"நீயோ?"

"ஞாயிறு எனக்கு வகுப்பில்லை. உங்கட பூசை முடியிற நேரத்துக்கு வந்தால் சரி தானே? எனக்கும் கொஞ்சம் கடற்காத்துப் படட்டும். இந்த நிலையிலை நிப்பாட்டினால் படிச்ச அவ்வளவும் வீணாப்போயிடும்."

"உனக்கேன் விமலா வீண் கரைச்சல்…"

"என்னடி கரைச்சல்? என்ர பிள்ளை தானே."

வீட்டுக்கு வந்ததும் கொலின்ஸ், "சொன்னியோ?" என்று கேட்டான்.

"சொன்னன்."

"என்னவாம்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை அவா இஞ்சை வாறாவாம்."

கொலின்ஸ் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகிப் புரையேறி நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்கிற விசயமில்லை" என்றான் பிறகு. "வாற முதல் ஞாயிறே சொல்லிப்போடு. பெடியனிட்டயும் கதைச்சுப்போட்டன். சனிக்கிழமை வரட்டாம்."

ஜனார்த்தனன் மெலிந்த, கூச்சமான பெடியன். ஆன்சலாவை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அந்த இடத்தில் வில் கிறீச்சிட்டபோதும் அவன் முகம் மாறவில்லை.

"சுருதி வடிவாச் சேருது, அம்மா" என்றான். "கனபேருக்கு அது தான் வராது. ஆரோ இந்தப் பிள்ளையின்ர காதை நல்லாத் திருத்தி விட்டிருக்கினம். கை தான் பிழை. அதை மாத்தலாம்." பிறகு தயங்கி, "முதல் படிப்பிச்ச ரீச்சரிட்டச் சொல்லிப்போட்டே வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி, சொன்னனாங்கள்" என்றாள் ஜெயரூபினி. பக்கத்தில் இருந்த ஆன்சலா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது சரி. சொல்லாமல் வந்தால் எனக்கும் மனம் கேளாது" என்றான் அவன்.

வந்த முதல் ஞாயிறு ஜெயரூபினி சொல்லவில்லை. விமலேஸ்வரி பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கி, மணலுக்குள் செருப்புப் புதையுதென்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் குடையோடு வந்து சேர்ந்தாள். மணல் கொதித்துக் கிடந்த நேரம் அது. கிணற்றடியில் நின்று காலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பையைத் திறந்தால் தன் வளவு முருங்கைக்காய், எலுமிச்சங்காய். களை தீரக்கூட இல்லை, "எங்கை என்ர ஆள்?" என்று ஆன்சலாவைத் தேடிப் பாயில் உட்கார்ந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒடியற்கூழ். நண்டும் திருக்கையும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சி, பூவரசு நிழலில் எல்லாரும் சுற்றியிருந்து குடித்தார்கள். வேலிக்கு அங்காலிருந்து புனிதமக்காவும் கோப்பையோடு வந்துவிட்டாள். விமலேஸ்வரிக்கு உறைப்பில் மூக்கு வடிந்தது. "தனிய இருந்தால் ஆர் கூழ் காய்ச்சுறது? ஒருத்திக்கெண்டு காய்ச்சேலுமே?" என்று சொல்லிச் சொல்லி இன்னொரு கோப்பை வாங்கினாள். முகாமில் ஒரே சட்டிக்குள் பருப்பும் சோறும் கிண்டியதைச் சொல்லிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து ஜெயரூபினி கண்டு வருடக் கணக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கொண்டாட்டமாகிவிட்டதென்று தெரிந்தது. தெரியத் தெரிய, சொல்ல வேண்டிய சொல் இன்னும் இன்னும் தொண்டைக்குக் கீழே இறங்கிப் போனது.

கொலின்ஸ் கேட்பதை விட்டுவிட்டான். அவள் வாசலில் நின்று விமலேஸ்வரியை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

ஆன்சலாவின் பாடுதான் பெரும்பாடு. சனிக்கிழமை ஜனார்த்தனன் பெருவிரலை மடக்கி, மணிக்கட்டைத் தளர்த்தி, வில்லைப் பூப்போலப் பிடிக்கச் சொல்லுவான். ஞாயிறு காலை பூசையால் வந்ததும், அந்தப் பிடியைக் கலைத்துவிட்டுப் பழையபடி இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

"ரீச்சருக்கு முன்னாலை பழைய மாதிரியே பிடி, என்ன?" என்று தாய்தான் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்த நேரத்தில் தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆன்சலா மீன் செதில் சுரண்டிக்கொண்டு கேட்டாள். "அம்மா, நாளைக்குப் பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனம் இருக்கு. சுவாமியிட்ட இதையும் சொல்லோணுமோ?"

"எதை?"

"கையை மாத்திப் பிடிக்கிறதை."

ஜெயரூபினி கத்தியைக் கீழே வைத்தாள். "அது உன்ர பாவமில்லை பிள்ளை" என்றாள்.

"அப்ப ஆற்ர?"

அவள் மீனைக் கழுவினாள்.

புரட்டாதிக் கடைசியில், ஒரு ஞாயிறு, வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. ஜெயரூபினி குசினியில் நின்று கருவாட்டுக் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வர்ணம் போய்க்கொண்டிருந்தது. முதற்காலம் முடிந்தது. இரண்டாங்காலம் தொடங்கியது. அந்த இடம் வந்தது. காதும் உடம்பும் தன்பாட்டில் கிறீச்சுக்கு ஆயத்தமாகின. கிறீச்சிடவில்லை. சுரங்கள் முத்து முத்தாக உருண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போயின. வேலிக்கு அங்கால் புனிதமக்கா, "இண்டைக்குக் கத்தேல்லை!" என்று கூவினாள்.

"வந்திட்டுது!" விமலேஸ்வரி பாயிலிருந்து துள்ளி எழும்பிவிட்டாள். "ரூபி! வந்திட்டுதடி! ஓடி வா, கேளன்! நான் சொன்னனான் தானே வருமெண்டு!"

ஜெயரூபினி அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். விமலேஸ்வரியின் கண்கள் கலங்கியிருந்தன. குனிந்து பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஆன்சலா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வாசிப்பின் மும்முரத்தில் கையை மாற்ற மறந்துவிட்டாள். வில் இன்னும் கம்பியின் மேல்தான் இருந்தது.

விமலேஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். மடங்கிய பெருவிரலைப் பார்த்தாள். மணிக்கட்டில் மெல்லத் தொட்டாள். அது குழைந்து கொடுத்தது.

"இதை ஆர் பிடிச்சுத் தந்தது?"

பிள்ளை தாயைப் பார்த்தாள். விமலேஸ்வரியும் திரும்பித் தாயைப் பார்த்தாள். அந்த நேரத்தில்கூட ஜெயரூபினிக்கு உண்மை வாயில் வரவில்லை.

"போனிலை பாத்துப் பழகினவள்" என்றாள்.

"ம்" என்றாள் விமலேஸ்வரி.

பாடத்தை நிறுத்தவில்லை. வழக்கமான நேரம் வரைக்கும் இருந்து சொல்லிக் கொடுத்தாள். சோறும் தின்றாள், குழம்பு நல்லாயிருக்கு என்றும் சொன்னாள். வெளிக்கிடும்போது ஜெயரூபினி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தாள். இடையில் இரண்டு தரம் "விமலா" என்று தொடங்கினாள். "மழை வரப்பார்க்குது, நீ திரும்பிப் போ" என்றாள் மற்றவள். பஸ் வந்தது. ஏறி, யன்னல் பக்கமாக இருந்தாள். கை காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு மழை. ஜெயரூபினி விடிய எழும்பி இறால் உடைத்துச் சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி பஸ் போன சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை. பிறகு வந்த பஸ்ஸிலும் இல்லை. இனி அவள் வரமாட்டாள் என்றதும் நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப் பார்த்தது. அந்த ஆறுதலைக் கண்டதும் ஜெயரூபினிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போ" என்றான் கொலின்ஸ், பின்னால் நின்று.

திங்கட்கிழமை போனாள். வெறுங்கையோடுதான் போனாள். எதைக் கொண்டுபோனாலும் அது கூலி மாதிரி இருக்குமென்று பட்டது. விமலேஸ்வரி பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பு மாற்றாமல், ஒழுகுகிற கொட்டிலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டவுணிலை ஒரு பெடியனிட்ட விட்டிருக்கிறம்" என்றாள் ஜெயரூபினி நின்றபடியே. "ஆவணியிலயிருந்து. நான் பொய் சொல்லிப்போட்டன் விமலா."

"போன் மணிக்கட்டைப் பிடிச்சுத் தளர்த்தி விடாது எண்டு எனக்குத் தெரியும்." சுருட்டிய பாயைச் சுவரோடு சாத்தினாள். "பஸ் கரைச்சல் எண்டதும் பொய் தானே?"

"ஓம்."

"அதையும் நம்பினன். நம்பித்தான் வந்தனான். மணலுக்கை கால் வெந்து கொப்பளிச்சது உனக்குத் தெரியுமோ? பள்ளிக்கூடத்திலை கதிரையிலை இருந்துகொண்டே படிப்பிச்சனான். என்னை ஒவ்வொரு கிழமையும் நடக்க விட்டுப்போட்டு வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்."

"எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. நீ செய்ததுகளை நினைச்சால்…"

"நான் செய்ததை ஏன் இப்ப இழுக்கிறாய்? அதுக்குக் கைமாறாவே பிள்ளையை என்னட்ட விட்டு வைச்சனீ?"

தகரத்தில் மழை திரும்பவும் தூறத் தொடங்கியது.

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ?" விமலேஸ்வரியின் குரல் இப்போது உயரவில்லை; தணிந்துதான் வந்தது. "என்ர கை எவ்வளவு தூரம் போகும் எண்டு எனக்குத் தெரியாதோ? அவள் முதல் தரம் பெயில் விட்ட அண்டைக்கே தெரியும். இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம் எண்டு நானும் கள்ளத்தனம் பண்ணினனான் தான். பிடிச்சு வைக்க ஆசை. ஆனால் நீ வந்து, விமலா, பிள்ளைக்கு இதுக்கு மேல ஆரிட்டப் படிக்கலாம் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தம்பியிட்ட விட்டிருப்பன். இவள் என்ர பிள்ளை, நான் தான் தொடக்கிவிட்டனான், இனி நீ பாத்துக்கொள் எண்டு சொல்லி விட்டிருப்பன். நான் அனுப்பினதா இருந்திருக்கும். இப்ப நீங்கள் விட்டுட்டுப் போனதாப் போச்சு. அந்த ஒண்டை எனக்குத் தந்திருக்கலாம் தானே?"

"அந்தத் தம்பி உன்னைத்தான் புகழ்ந்தவர். பிள்ளையின்ர காதை ஆரோ நல்லாத் திருத்தியிருக்கினம் எண்டு…"

"எப்ப சொன்னவர்?"

"முதல் நாளே."

"முதல் நாளே சொன்னதை இண்டைக்குக் கொண்டுவாறாய்" என்றாள் விமலேஸ்வரி.

ஜெயரூபினி குடையை விரித்தபோது விமலேஸ்வரி இன்னும் ஒன்று சொன்னாள். "பிள்ளையை ஒருக்கா அனுப்பு. அவளைப் பொய்க்குப் பழக்கியிருக்கிறாய். அதைத் தூக்கிக்கொண்டு அவள் திரியக்கூடாது."

சனிக்கிழமை டவுண் வகுப்பை விட்டுவிட்டுத் தாயும் பிள்ளையும் புதுக்குடியிருப்புக்குப் போனார்கள். கொட்டிலில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆன்சலா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், எல்லாருக்கும் முன்னால், "ரீச்சர், நான் உங்களுக்கு முன்னாலை கையை மாத்திப் பிடிச்சனான். பிழை ரீச்சர்" என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.

"சரி, சரி. காணும். மூக்கைத் துடை" என்றாள் விமலேஸ்வரி. "இரு. அந்த வர்ணத்தை வாசி பாப்பம்."

ஆன்சலா வாசித்தாள். விமலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாங்காலம் முடியும்வரைக்கும் திறக்கவில்லை. ஒரேயொரு இடத்தில் தலை இலேசாகச் சரிந்தது. "நிஷாதம் குறையுது. அந்தத் தம்பி சொல்லேல்லையோ?"

"இல்லை ரீச்சர்."

"குறையுது. பாத்துக்கொள்." பிறகு எழும்பிப் போய்த் தன் வயலினை எடுத்து வந்து பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். "இப்ப மெதுவா வாசி. கையை எனக்குத் தெரியத் திருப்பி வை."

ஆன்சலா விளங்காமல் பார்த்தாள்.

"இந்தச் சின்னனுகளும் நாளைக்கு அந்த இடத்திலை போய் இடிபடக் கூடாது. காட்டு."

பிள்ளை காட்டினாள். விமலேஸ்வரி வில்லைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய கை இத்தனை வருடம் இறுகிய கை. ஒரேயடியாகக் குழைய மறுத்தது. வில் கம்பியில் வழுக்கிச் சத்தம் கெட்டது. ஒரு சின்னவன் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்பிடியோ?" என்று கேட்டாள்.

"இல்லை ரீச்சர். பெருவிரலைக் கொஞ்சம் மடக்குங்கோ. இன்னும் கொஞ்சம். தோளை விடுங்கோ."

"இப்ப?"

"ம்… கிட்ட வந்திட்டுது ரீச்சர்."

கொட்டிலின் விளிம்பில் போட்டிருந்த கதிரையில் ஜெயரூபினி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை திரும்பத் திரும்பப் பிழைப்பதையும், திரும்பத் திரும்பத் தொடங்குவதையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு எங்கே கண்ணை வைப்பதென்று தெரியவில்லை. எழும்பிப் போகவும் முடியவில்லை.

பிறகு தேத்தண்ணி வந்தது. ஆன்சலாவுக்கு ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, அவளோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள் விமலேஸ்வரி. மற்றதைக் கதிரைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள்.

"ஆன்சலாவின்ர அம்மா, தேத்தண்ணி ஆறுது. எடுங்கோ."

மரியாதையான குரல். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு அவள் பேசுகிற அதே குரல். ஜெயரூபினி கோப்பையை எடுத்தாள். நல்ல சாயத்தோடு, அளவான சீனியோடு இருந்தது. ஒரு சொட்டு மீதமில்லாமல் குடித்து முடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஆன்சலாவுக்கு வாய் ஓயவில்லை. "மாசத்திலை ஒரு சனிக்கிழமை வரட்டாம் அம்மா. புதுசாப் படிக்கிறதைக் காட்டட்டாம். டவுண் சேரிட்ட நானே சொல்லப்போறன், நிஷாதம் குறையுதெண்டு ரீச்சர் சொன்னவா எண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "உங்களோட மட்டும் ஏன் அம்மா வாங்கோ போங்கோ எண்டு கதைச்சவா?" என்று கேட்டாள்.

"இனி அப்பிடித்தான் கதைப்பா, பிள்ளை."

மழைக்குப் பிறகு நந்திக்கடல் கலங்கி, ரோட்டுக் கரை வரைக்கும் ஏறி நின்றது. ஜெயரூபினி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகாமில் தண்ணீர் வரிசையில், வயிற்றுப் பிள்ளையோடு கால் வீங்கி அவள் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருத்தி பின்னாலிருந்து வந்து அவளுடைய வாளியைப் பறித்தாள். யார், என்ன பெயர் என்று ஒன்றும் கேட்கவில்லை. "நீ போய் நிழலிலை இரு" என்றாள். "நான் நிக்கிறன்."